மெரினாவில் கிடைத்த குழம்பு மீன்

கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அழுத மீனவக் குழந்தை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் கடல். முன்கதவைத் திறந்து கொஞ்சம் நடந்தால் பழவேற்காடு ஏரி. இரண்டு தண்ணீருக்கும் நடுவில் கிடக்கும் மணலில்தான் எங்கள் குப்பம். சோற்றில் மணல், தலையில் மணல், பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தால் அதிலும் மணல். அப்படிப்பட்டவள், ஐந்தாவது முடித்து ஆறாவது போக இருந்த கோடை விடுமுறை முழுக்க, "என்ன பீச்சுக்கு இட்டுனு போ" என்று வீட்டில் இருந்த எல்லோருடைய உயிரையும் வாங்கினேன்.

நான் கேட்டது மெரினா பீச்சை. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார். பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள் எங்கள் வகுப்பில் படித்தாள். அவள் எழுந்து, மெரினாவில் குதிரை மேல் உட்கார்ந்ததைச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா, போட்டோவையும் கொண்டுவந்திருந்தாள். அந்தப் போட்டோ வரிசை வரிசையாகக் கைமாறி வந்து என் கைக்கு எட்டும் நேரத்தில் டீச்சர் என்னை எழுப்பிவிட்டார்.

"எங்கியும் போல டீச்சர். சென்னாக்கூனி காய வெச்சோம்" என்றேன்.

சென்னாக்கூனி என்பது விரல் நகம் அளவுகூட இல்லாத குட்டி இறால். அதைக் காய வைப்பதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அந்த லீவில் அதைத்தான் காய வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அடுத்த வருஷம் டீச்சர் கேட்கும்போது மெரினா என்று சொல்லியே தீர்வது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

எனக்கு அதில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. என் அப்பா மெட்ராஸ்காரர். அதாவது, வேலையில் மெட்ராஸ்காரர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா காசிமேட்டில் ஒரு விசைப்படகில் வேலை பார்த்தார். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் போவார்கள். திரும்பி வந்து மீனை இறக்கி, ஐஸை ஏற்றிக்கொண்டு மறுபடியும் போவார்கள். ஊருக்கு வந்தாலும் ஒரு நாள் தூங்கி எழுந்து கிளம்பிவிடுவார். போனில் பேசும்போதெல்லாம் நான் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்பேன்.

"நைனா, மெரினா எப்டி கீது?"

"அதுக்கின்னா, ஷோக்கா கீது. சாயந்தரமானா பூரா ஜனம். சுண்டல் விக்கிறான். குதுர கால்ல சலங்க கட்டி உட்டுருக்கான், ஜல்லு ஜல்லுனு ஓடுது."

இப்படிச் சொல்லும் மனிதர் வேலை முடிந்த கையோடு தினமும் மெரினாவில் கால் நீட்டி உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார் என்றுதான் நானும் தம்பியும் நம்பினோம். எங்களை மட்டும் விட்டுவிட்டு அவர் தனியாக அனுபவிக்கிறாரே என்று எனக்கு உள்ளூரக் கோபம்கூட உண்டு.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும். மீன்கள் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். எங்களுக்குப் பரீட்சை முடியவும் அவருக்குப் படகு நிற்கவும் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆக எனக்கும் நைனாவுக்கும் ஒரே சமயத்தில் முழுப் பரீட்சை லீவு. அந்த வருஷம் அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பாலம் தாண்டி வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் சத்தியம் வாங்கினேன். "ரெண்டு மாசம் வூட்லதானே இருக்கப்போறேன், இட்டுனு போறேன்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

நைனாவோடு ஒரு கஷ்டம் உண்டு. அவர் சொல்வதில் எது நிஜம், எது விளையாட்டு என்று கண்டுபிடிக்க முடியாது. ஊரிலிருந்து வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஏம்மா, இந்த வூட்ல ஒரு பொண்ணு இருந்துச்சே, சப்ப மூக்கு, எங்க போச்சி?" என்று என்னிடமே கேட்பார். ஏழாம் வாய்பாடு தெரியாதவர் போல நடித்து, என்னைச் சொல்ல வைத்து, நான் தப்பாகச் சொன்னதும் சரியாகச் சொல்லித் திருத்துவார். எதுவும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில் இருக்கப்போகிறேன் என்றாரே தவிர, வீடு அவரை இருக்க விடவில்லை. பத்து மாதமாக எல்லோரும் அவருக்காக வேலையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை கூரைக்கு ஷீட் மாற்றினார். அடுத்த ஞாயிறு அடிபம்பு மக்கர் செய்தது. அதற்குள் சித்தப்பாவின் பாடு வந்துவிட்டது. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை போடலாம் என்பதை ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். நமக்குப் பாடு விழுந்த நாளில் வீட்டில் ஒருவரும் வேறு வேலை பார்க்கக் கூடாது. சாவதாக இருந்தாலும் மறுநாள்தான் சாக வேண்டும்.

சித்தப்பா நைனாவின் தம்பி. ஏரியில் சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தார். கல்யாணம் ஆகாதவர், ஆகவே நேரத்தை எல்லாம் என்னைக் கேலி செய்வதில் செலவிட்டார். நான் இறால் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்கதவைத் திறந்து கடலைக் காட்டி, "இந்தா பாப்பா, ஒன் பீச்சு. பாத்துக்கோ. சுண்டல் வோணும்னா ஒங்கம்மாவ அவிக்கச் சொல்லு" என்பார். நான் கையில் இருந்த இறாலை அவர் மேல் எறிவேன். அவர் அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு மறுபடியும் அதையே சொல்வார்.

பிறகு கங்கையம்மன் திருவிழா வந்தது. அதில் தம்பிக்குக் காது குத்தினார்கள். திருவிழா முடிந்த மறுநாளே கடல் சென்னாக்கூனியைக் கரையோரம் கொண்டுவந்து கொட்டியது. அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினால் அந்தக் கூனி காய்ந்து மூட்டையாகும்வரை நிமிரமாட்டாள். அம்மா காய வைக்க, நானும் தம்பியும் காக்காய் விரட்ட, நைனாவும் சித்தப்பாவும் படகைக் கவிழ்த்துப் போட்டுப் பெயிண்ட் அடிக்க, அந்த வருஷமும் எனக்கு அதே சென்னாக்கூனிதான் கதி என்று தெரிந்துபோயிற்று. காக்காயை விரட்டிக்கொண்டே அழுதேன். ஒருநாள் உண்ணாவிரதம்கூட இருந்தேன். மத்தியானம் அம்மா நண்டுக் குழம்பைத் திறந்து வைத்ததும் அது முடிவுக்கு வந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, காலையில் நைனா என்னை எழுப்பி, "கௌம்பு, போலாம்" என்றார். எங்கே என்று கேட்டேன். "ஒன் பீச்சுக்குத்தான்" என்றார். அன்றைக்கு வலை பின்ன வர வேண்டும் என்று சித்தப்பா வாசலில் வந்து நின்றார். "நாளிக்கி ஊர் பூராத்துக்கும் பின்னித் தர்றேன்டா, இன்னிக்கி ஆள உடு" என்று சொல்லி நைனா அவரை அனுப்பிவிட்டார். அம்மா பரணிலிருந்து நல்ல சேலையை எடுத்தாள். நைனா பெட்டியைத் திறந்து தன் தீபாவளிச் சட்டையை எடுத்தார். இஸ்திரி போட எங்கள் குப்பத்தில் வசதி இல்லை. சொம்பில் அடுப்புத் தணலைப் போட்டு அவரே தேய்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் பொன்னேரி. அங்கிருந்து ரயில். ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மீஞ்சூரில் கூட்டம் ஏறியபோது நைனா தன் சட்டை கசங்காமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தெனிக்கும் போற எடத்துக்கு யார்னா தீவாளி சட்ட போடுவாங்களா?" என்று உரக்கக் கேட்டேன். எதிர் சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நைனா குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். "ஏன், நல்லா இல்லியா?" என்றார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சென்னை கடற்கரை என்று போர்டு வந்ததும், "எறங்கு எறங்கு, பீச்சு வந்துச்சி" என்று நைனா எங்களை இறக்கினார். வெளியே வந்து பார்த்தால் பீச்சும் இல்லை, மணலும் இல்லை. பெரிய பெரிய கட்டடங்கள், ரோடு, அந்தப் பக்கம் நீளமாக ஒரு மதில். நைனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். டீக்கடையில் போய்க் கேட்டார். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டு, மறுபடியும் ஸ்டேஷனுக்குள் போய்ப் பறக்கும் ரயிலில் ஏறி, லைட் ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கச் சொன்னார். நைனா அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார்.

இதெல்லாம் நைனாவின் வழக்கமான நடிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நடிக்காத நைனா, நேரமாவுது" என்றேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "கண்டுபுட்ச்சிட்டியா" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எங்கள் ஊரிலேயே ஒரு லைட் ஹவுஸ் இருக்கும்போது, காலையில் அதைத் தாண்டி வந்து, மதியம் இன்னொரு லைட் ஹவுஸில் இறங்கினோம்.

நைனா அந்த லைட் ஹவுஸின் அடியில் நின்று கழுத்து வலிக்க மேலே பார்த்தார். அம்மாவிடம், "இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா இப்டியா கீது" என்றார். எனக்கு லைட் ஹவுஸ் எல்லாம் பெரிய விஷயம் இல்லை. நான் குதிரையைத் தேடி ஓடினேன்.

குதிரை இருந்தது. ஒன்றல்ல, நிறைய இருந்தன. ஆனால் ஒன்றின் காலிலும் சலங்கை இல்லை. இதைப் பற்றி நைனாவிடம் விசாரித்தேன். "ஞாயித்துக்கெயம இல்ல, கயட்டி வெச்சிருப்பான்" என்றார். வெயில் தாழட்டும், குதிரை ஏறலாம் என்றார். சுண்டல் வாங்கித் தந்தார். மணலில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்தோம். அங்கே இருந்த கடலும் எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் கடலும் ஒரே மாதிரிதான் இருந்தன. அதை நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்களுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் கரைவலை இழுக்க ஆரம்பித்தார்கள். கரையிலிருந்து படகில் போய்க் கடலில் அரை வட்டமாக வலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு முனையிலும் நீளக் கயிறு. கரையில் நின்று ஒரு கூட்டம் இந்தக் கயிற்றையும் இன்னொரு கூட்டம் அந்தக் கயிற்றையும் சமமாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் மடி என்கிற பை மீனோடு கரை சேரும். நைனா சுண்டலை வாயில் போடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்கு கயித்துல ஆள் பத்தல" என்றார்.

"யோவ், சொம்மா இரு" என்றாள் அம்மா.

"தண்ணி இழுக்குது பாரு. வல சாஞ்சினு போவுது."

"போவுட்டும். நமக்கின்னா? புள்ள குதுர ஏறணும்னு கீது."

நைனா இன்னும் இரண்டு சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தோ வந்துர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு, தீபாவளிச் சட்டையோடு ஓடிப்போய் வடக்குக் கயிற்றில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

அவர் தோ வரவில்லை. கயிறு ஒவ்வொரு அடியாக ஏறியது. குதிரைக்காரன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனான். நாளைக்குக் காலையில் டீச்சர் கேட்பார். மெரினா என்று சொல்லுவேன். என்ன செய்தாய் என்று கேட்டால்? நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, நைனாவைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையைக் கண்களுக்கு மேல் வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, "யோவ், மடி பொரளுதுயா! வேகமா வலிங்க!" என்று கத்தினாள். மெரினாவில் இருந்த பாதி ஜனம் திரும்பிப் பார்த்தது. அம்மா நல்ல சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி, நைனாவுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தாள். தம்பி, குத்திய காது இன்னும் ஆறாதவன், சுண்டல் பொட்டலத்தை மணலில் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

நான் மட்டும் ஒரு ஜோடி செருப்போடு நின்றேன். எவ்வளவு நேரம்தான் வீம்பாக நிற்பது? அழுதுகொண்டே நானும் போனேன். கயிற்றைத் தொட்ட பிறகு அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. ஈரக் கயிறு உள்ளங்கையைச் சுட, எல்லோரோடும் சேர்ந்து பின்பக்கமாகவே நடந்தேன். முன்னால் இருந்தவர் இழுக்கும்போது கத்தினார், நானும் கத்தினேன். நைனா என் பின்னால் இருந்தார். "கால ஊனிக்கோ, கையால இழுக்காத, ஒடம்பால இழு" என்றார். அவர் வலை இழுப்பதை நான் அன்றுவரை பார்த்ததே இல்லை. அவர் வேலை எல்லாம் என் கண்ணுக்கு எட்டாத கடலில் நடந்தது. நானும் அம்மாவும் தம்பியும் நைனாவும் ஒரே கயிற்றில் இருந்தோம். குதிரையைக் கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

மடி கரை ஏறியபோது பொழுது சாய்ந்துவிட்டது. காரப்பொடி, நெத்திலி, கொஞ்சம் வாளை, ஏகப்பட்ட நண்டு. கரைவலையில் ஒரு முறை உண்டு. கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, குழம்புக்கு மீன் கொடுக்க வேண்டும். நைனா வேண்டாம் என்றார். வலைக்காரர் விடவில்லை. "நீ வாணானு சொன்னா வல ஒத்துக்குமா?" என்று ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டார். அம்மாவுக்குத் தனிப் பங்கு. பிறகு என்னையும் தம்பியையும் பார்த்து, "இவுங்களுந்தான் வலிச்சாங்க" என்று எங்கள் கையில் ஆளுக்கு ஒரு நண்டு கொடுத்தார். என் பங்கு கொஞ்சம் பெரிய நண்டு.

குதிரைக்காரன் வீட்டுக்குப் போய்விட்டான். அதற்காக நான் மறுபடியும் ஒரு மூச்சு அழுதேன். நைனா தன் ஈரச் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த தபா மொத வேல குதுரதான்" என்றார். திரும்பி வரும் ரயிலில் பை ஒழுகியது. கூட்டம் எங்களைச் சுற்றி மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக, நால்வருக்கும் நன்றாக உட்கார இடம் கிடைத்தது. தம்பி நண்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

குப்பத்தில் சித்தப்பா பையைத் திறந்து பார்த்தார். "கொல்லன் தெருவுல ஊசி விக்கலாம், அதுகூட தேவல. ஆனா மெட்ராஸ்ல மீன் வாங்கினு பழவேற்காட்டுக்கு வந்த மொத குடும்பம் நாமதான்" என்று ஊரைக் கூட்டினார். வந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டு, எங்கள் வீட்டிலேயே குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நெத்திலி எங்கள் ஊர் நெத்திலியைவிட ருசி மட்டு என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம். புதுப் புத்தக வாசனை, புது யூனிபார்ம், என் கையில் மட்டும் மீன் வாசனை. எவ்வளவு சோப்பு போட்டும் போகவில்லை. டீச்சர் வழக்கம்போலக் கேட்டார். துணிக்கடைக்காரர் மகள் அந்த வருஷம் ஏதோ ஒரு பெரிய மாலில் தானாக நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கியதைச் சொன்னாள். என் முறை வந்தது.

"மெரினா போனோம் டீச்சர்."

"அட, அங்கே என்ன பார்த்தே?"

எழுந்து நின்றவளுக்குக் குதிரை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் போட்டோ இல்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வல இழுத்தோம் டீச்சர்" என்றேன்.

இதோ சிரிக்கப்போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கரவலயா?"

"ஆமா."

"இன்னா பட்டுது?" என்றான் இன்னொருவன்.

"பங்கு குட்தாங்களா?"

"ஒனக்குமா? தனியாவா?"

நான் கண்ணைத் திறந்தேன். பாதி வகுப்பு எழுந்து நின்றிருந்தது. டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டிப் பார்த்தார், ஒருவரும் உட்காரவில்லை. அவர் திருப்பாலைவனத்தில் நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவர். கடைசியில் அவரே, "அது என்ன பங்கு? உனக்கு எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்க, நான் கயிற்றிலிருந்து நண்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தியதை நடித்துக்கூடக் காட்டினேன். துணிக்கடைக்காரர் மகள் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, நிஜமாகவே பெரிய நண்டா என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

நைனாவின் லீவு எங்கள் லீவைவிடக் கொஞ்ச நாள் அதிகம். அதுவும் முடிந்தது. அம்மா கருவாடும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். தீபாவளிச் சட்டை துவைத்துப் பெட்டிக்குள் போயிற்று. நைனா பாலத்தைத் தாண்டிப் போகும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பியதும் போன் செய்தார்.

"எங்க போட்லயும் கேட்டானுங்க பாப்பா, ஒங்க டீச்சர் மாரியே. லீவுக்கு எங்க போனன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"மெரினான்னேன். ஒர்த்தனும் நம்பல. சிர்க்கிறானுங்க."

அதில் நம்பாமல் போக என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. "நீயும் நண்ட சொல்ல வேண்டியதுதானே" என்று அறிவுரை சொன்னேன். "சொல்லாம உடுவேனா" என்றார்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. நைனா படகு வேலையை விட்டுவிட்டு ஊரில் சித்தப்பாவோடு ஏரிக்குப் போகிறார். போன மாதம் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவரை, மாலையில் ஆட்டோ வைத்து மெரினாவுக்கு அழைத்துப் போனேன். குதிரைகள் போய்க்கொண்டிருந்தன. லைட் ஹவுஸைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம்.

"இதோட ரெண்டாவது தபா" என்றார்.

"எது?"

"நா இங்க வர்றது. மொத தபா ஒங்களயெல்லாம் இட்டுனு வந்தேனே, நீ ஆறாவது போவும்போது."

விளையாடுகிறாரா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. சாதாரணமாகச் சுண்டலில் மாங்காயைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படியானால் சலங்கை கட்டிய குதிரை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது எங்க போட்டு டிரைவரு சொன்னது. அந்தாளும் வந்ததில்ல போலகீது" என்று சிரித்தார். பிறகு லைட் ஹவுஸைக் காட்டி, "இத மட்டும் கடலுக்குப் போவும்போதும் வரும்போதும் பாப்பேன். அது பக்கத்துலதான் மெரினானு சொல்லுவாங்க" என்றார்.

நான் சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தேன். தப்பான ஸ்டேஷன், டீக்கடை, வாயை மூடிக்கொண்டு சிரித்த அம்மா, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றவர் என்று எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சொம்பில் தணல் போட்டு அவரே தேய்த்துப் போட்டுக்கொண்ட சட்டையும் வந்தது. தினமும் போகிற இடத்துக்கு யாராவது தீபாவளிச் சட்டை போடுவார்களா என்று ரயில் பெட்டியே சிரிக்கும்படி கேட்டேனே, அப்போது அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டு, நல்லா இல்லியா என்று என்னிடம் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார்.